உரத்தைக் கெடுக்கும் ஒரு கிலோ தோல்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரைப் பேரூராட்சி பள்ளிகொண்டா. வளர்கிற எல்லா ஊரிலும் குப்பை பெருகும். தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் பல பெண்கள் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறார்கள். அதில் மிஞ்சும் தோல் துண்டு, காய்கறிக் கழிவோடு ஒரே வாளியில் விழுந்தால் என்ன ஆகும்?

காய்கறிக் கழிவை நுண்ணுயிரிகள் பார்த்துக்கொள்ளும். 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன், அளவான ஈரம், அவ்வப்போது கிளறிவிட்டால் காற்று. இவ்வளவு போதும், சில நாட்களில் குவியலின் சூடு 55 டிகிரியைத் தாண்டி நோய்க்கிருமிகள் சாகும். குப்பையை வீட்டு வாசலிலேயே தரம் பிரித்து வாங்கி, சாணக் கரைசல் தெளித்து உரமாக்கும் முறையை இந்த வட்டாரத்தில் வளர்த்தெடுத்தவர் ‘வேலூர்’ சீனிவாசன். சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் 2015இல் அதே வழியில் மகளிர் குழுக்களை இறக்கியது. அங்கிருந்த 16 ஏக்கர் குப்பைமேடு இன்று பூங்கா.

தோல் இந்தக் கணக்கில் சேராது. பதனிடும்போது குரோமியம் தோலின் கொலாஜன் இழைகளை இறுகப் பிணைத்துவிடுகிறது. நுண்ணுயிரிகளால் எளிதில் அதைக் கடிக்க முடியாது. ஒரு கிலோ குரோம் தோலில் சுமார் 25 கிராம் குரோமியம் இருக்கும். நகரக் கழிவு உரத்தில் அரசு அனுமதிக்கும் வரம்போ கிலோவுக்கு 50 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ தோல் பொடிப்பொடியாகிக் கலந்தால், அரை டன் உரத்துக்கான வரம்பு அதிலேயே தீர்ந்துவிடும்.

எரிப்பது இன்னும் மோசம். தோலில் இருப்பது ஆபத்து குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம். குப்பையோடு கொளுத்தும்போது அதில் ஒரு பகுதி, புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம்.

பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுநீர் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நியாயம் தோல் துண்டுக்கும் பொருந்தும். தைக்கக் கொடுக்கும் நிறுவனமே மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை, தைப்பவர்கள் துண்டுகளைத் தனிப் பையில் கட்டிக் கொடுங்கள். மக்கும் குப்பையில் மட்டும் போடாதீர்கள்.