அயர்லாந்து வழியாக லேடாங் மலைக்கு

ஆங்கிலப் புத்தகக் கடைகளில் இன்று அதிகம் விற்பவற்றுள் ஒன்று மாயக் காதல் நாவல். மனிதப் பெண் ஒருத்தி, மனிதரல்லாத ஒருவன், இருவருக்கும் நடுவே மீற முடியாத ஒரு நிபந்தனை: பெரும்பாலும் கதை இதுதான். இவற்றுள் பல, கெல்டிக் புராணங்கள் எனப்படும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளிலிருந்து எடுத்து வளர்த்தவை. 2015இல் வெளியான சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ நாவலில் மாய நாட்டுத் தலைவன் ஒருவனுக்கு டாம்லின் என்று பெயர். ஸ்காட்லாந்தில் பல தலைமுறைகளாகப் பாடப்பட்ட ‘டாம் லின்’ கதைப்பாடலிலிருந்து வந்த பெயர் அது. இப்படிப்பட்ட நாவல்களைப் படித்து வளர்ந்த மலாக்காத் தமிழ்ப் பெண் ஒருத்தி, நாமும் தமிழில் ஒன்று எழுதலாமே என்று உட்கார்ந்தால் அயர்லாந்திடமிருந்து எதை வாங்கிக்கொள்வது? கூர்காது தேவதைகளையும் ஓக் மரக் காடுகளையும் வாங்கினால் நகல்தான் மிஞ்சும். அந்த நாட்டார் தங்கள் கதைகளை மண்ணோடு பிணைத்த முறையை வாங்கினால், மலாக்காவின் ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் நல்ல நாவல்கள் பிறக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த முறை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். அயர்லாந்தின் பழைய ஏடுகளில், இன்ன ஊருக்கு இன்ன பெயர் ஏன் வந்தது என்று சொல்லும் கதைகளும் பாட்டுகளும் தனித் தொகுதியாகவே இருக்கின்றன. நம் தலபுராணங்களோடு ஒப்பிடத்தக்கவை. ஒரு குன்று, ஓர் ஊற்று, ஆற்றைக் கடக்கும் ஒரு துறை என ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காதலோ சாவோ சாபமோ உண்டு. இளமைக்கும் காதலுக்கும் உரிய தேவனான ஏங்கஸின் இருப்பிடம் பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள கல்மேடு. நியூகிரேஞ்ச் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் அந்த மேடு 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பகற்பொழுது மிகக் குறுகிய டிசம்பர் நாள்களில் உதயசூரியனின் ஒளி வாசலுக்கு மேலுள்ள திறப்பு வழியாக உள்ளறை வரை நீளும். அந்த ஏங்கஸ் கனவில் ஒரு பெண்ணைக் கண்டு நோயில் விழுகிறான். நெடுங்காலம் தேடிய பிறகு, ஓர் ஏரிக்கரையில் 150 பெண்களுக்கு நடுவே அவளைக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டிரண்டு பேராக அவர்கள் வெள்ளிச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். ஓராண்டு பெண்ணாகவும் மறு ஆண்டு அன்னமாகவும் வாழ்கிறவள் அவள். அவளைப் பெண்ணாகவே நிறுத்திவைக்க ஏங்கஸ் முயல்வதில்லை. தானும் அன்னமாகி அவளோடு பறந்து போகிறான். இன்னொரு கதையில், மூத்த தலைவனுக்கு நிச்சயிக்கப்பட்ட கிரான்யா, டியர்முட் என்ற வீரனை மீறக் கூடாத ஓர் ஆணையால் கட்டித் தன்னோடு ஓடிவரச் செய்கிறாள். ஓடியவர்கள் எங்கும் நிலைத்துத் தங்க முடியவில்லை. அயர்லாந்தின் ஊர்ப்புறங்களில் நிற்கும் பழங்காலக் கல்திட்டைகள் பலவற்றை மக்கள் அந்தக் காதலர்களின் படுக்கை என்றே காட்டி வந்திருக்கிறார்கள். கதையில் யார் யாரைக் காதலித்தார்கள் என்பதைவிட, எங்கே, என்ன விலைக்கு என்பதுதான் அதை நூற்றாண்டுகள் தாண்டி நிறுத்துகிறது.

இடம், விலை என்ற இதே இரண்டும் லேடாங் மலையில் இருக்கின்றன. 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த மலை ஜொகூர் மாநிலத்தில் இருந்தாலும் அதன் மேற்கு அடிவாரம் மலாக்காவின் ஜாசின் மாவட்டத்து அசஹான் பக்கம் இறங்குகிறது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து அவர் பெரிய அளவில் தோட்டம் போட்டது புக்கிட் அசஹானில். பிறகு தோட்டங்கள் பெருகின, தமிழர்கள் வந்தார்கள். ஆக, இந்த வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர் பலர், மலாய் மொழியின் மிகப் புகழ்பெற்ற காதல் மறுப்பு நிகழ்ந்த மலையைப் பார்த்தபடி வாழ்ந்தவர்கள். அந்த மறுப்பு மலாய் அரச பரம்பரையின் கதை சொல்லும் ‘செஜாரா மெலாயு’ நூலில் வருகிறது. 1488 முதல் 1511 வரை மலாக்காவை ஆண்ட சுல்தான் மஹ்மூத் ஷா, மலைமேல் வாழும் இளவரசியை மணக்க விரும்பித் தம் வீரன் ஹங் துவா முதலியோரை அனுப்புகிறார். மற்றவர்கள் பின்தங்க, துன் மாமாட் என்பவர்தான் மேலே ஏறிப்போகிறார். வழியில் மூங்கில்கள் இசைக்கின்றன. தோட்டத்துள் நுழைந்தால் எலுமிச்சை ஆர்ப்பரிக்கிறது, மாதுளை புன்னகைக்கிறது, ரோஜா பந்துன் என்ற மலாய்ப் பாட்டைப் பாடுகிறது. அங்கே அவர் காண்பது இளவரசியை அல்ல, டாங் ராயா ராணி என்ற பெண்ணை. அவள் செய்தியைக் கொண்டுபோக, ஒரு கிழவி வழியாகப் பதில் வருகிறது: மலாக்காவிலிருந்து மலை வரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், ஏழு தட்டு நிறையக் கிருமியின் இதயம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு, ஒரு கிண்ணம் அரசனின் இரத்தம், ஒரு கிண்ணம் அவன் மகனின் இரத்தம். எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், இரத்தம் எடுக்கத்தான் மனம் வரவில்லை என்கிறார் சுல்தான். கதை அங்கே நின்றுவிடுகிறது. இந்தப் பட்டியலின் வளர்ச்சியைக் கவனியுங்கள். பொன்னில் தொடங்கியது, குடிகளின் உழைப்பையும் கண்ணீரையும் கடந்து, கடைசியில் பெற்ற பிள்ளையின் உடலில் வந்து முடிகிறது. வேண்டாம் என்ற சொல்லை வாயால் சொல்லாமலே ஒருத்தி ஓர் அரசனின் ஆசையை அளந்து காட்டிவிட்டாள். டியர்முட்டைக் கட்டிய ஆணைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இன்னொரு கதை நம்மை இன்னும் நேராகத் தொடுகிறது. அதே நூலின் தொடக்கப் பகுதியில் இந்திய நாட்டிலிருந்து, அங்கே கெலிங் என்று குறிக்கப்படும் நம் கரையிலிருந்து, படையெடுத்து வரும் ராஜா சூரான், கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்து கடலுக்குள் இறங்குகிறான். கடலடி நாட்டின் இளவரசி மஹ்தாபுல் பஹ்ரியை மணந்து மூன்று மகன்களைப் பெறுகிறான். பிறகு ஒரு மாயக் குதிரையில் ஏறிக் கரைக்குத் திரும்பிவிடுகிறான். அந்த வழியில் வந்த மூன்று இளைஞர்கள்தான் பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில் தோன்றி மலாய் அரச பரம்பரைக்கு மூலவர்கள் ஆகிறார்கள். ராஜேந்திர சோழன் 1025இல் நடத்திய கடற்படையெடுப்பின் நினைவு இந்தக் கதையில் தங்கியிருப்பதாகக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அயர்லாந்தின் ஓஷீன் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவனும் கடல் கடந்து, மூப்பில்லாத நாட்டில் நியவ் என்ற இளவரசியோடு வாழ்கிறான், மூன்று பிள்ளைகள், ஊர் ஏக்கம் வந்து வெள்ளைக் குதிரையில் திரும்புகிறான். ஆனால் அதற்குள் ஊரில் 300 ஆண்டுகள் கடந்துவிட்டன. தரையைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டதும் நொடியில் கிழவனாகிறான். ஓஷீன் விலை கொடுத்தான், ராஜா சூரான் எதையும் கொடுக்கவில்லை. பரம்பரையைப் பற்றி எழுதப்பட்ட நூல், கடலடியில் நின்றுவிட்டவளைப் பற்றி அதிகம் பேசவில்லை. நாவலாசிரியருக்கு இதைவிடப் பெரிய வாசல் வேறென்ன வேண்டும்? நம் ‘மணிமேகலை’யில் இதன் மறுபக்கம் இருக்கிறது. நாகநாட்டு இளவரசி பீலிவளை புகார்க் கடற்கரையில் சோழ மன்னனைச் சந்தித்து, ஒரு திங்கள் அவனோடு வாழ்ந்து, சொல்லாமல் போய்விடுகிறாள். அவள் பெற்ற மகனைக் கம்பளச் செட்டியின் கப்பலில் அனுப்ப, கப்பல் உடைகிறது; மகனைத் தேடும் துயரில் அரசன் இந்திர விழாவை மறக்கிறான்; புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு கதையில் நம் கரை அரசன் கடலுக்குள் போய்ப் பெண்ணை விட்டு வருகிறான், மற்றதில் கடலுக்கப்பாலிருந்து வந்த பெண் சோழனை விட்டுப் போகிறாள். இவ்விரண்டையும் ஒரே நாவலில் சந்திக்க வைக்க மலாக்கா கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மெர்லிமாவ் பக்கம் துன் தேஜாவின் சமாதி என்று காட்டப்படும் இடம் ஒன்று உண்டு. ‘ஹிகாயத் ஹங் துவா’ சொல்லும்படி, பகாங்கின் அமைச்சர் மகளான தேஜாவைத் தன் மன்னனுக்கு மணமுடிக்க விரும்பிய ஹங் துவா, வசிய மருந்தால் அவளைத் தன்னைக் காதலிக்கச் செய்து கப்பலேற்றி வந்து மன்னனிடம் ஒப்படைக்கிறான். கெல்டிக் வேர் கொண்ட டிரிஸ்டன், இசோல்ட் கதையிலும் வீரன் ஒருவன் தன் அரசனுக்காக அயர்லாந்திலிருந்து பெண்ணைக் கப்பலில் கொண்டுவருகிறான். அங்கேயும் காதல் மருந்து உண்டு. அங்கே இருவரும் தவறுதலாகக் குடித்து இருவரும் அழிகிறார்கள். இங்கே வீரன் தெளிவாக இருக்கிறான், பெண் மட்டும் ஏமாற்றப்படுகிறாள். ஐரோப்பா டிரிஸ்டன் கதையை எத்தனையோ முறை திருப்பி எழுதிவிட்டது. தேஜாவின் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு நாவல் எழுத எல்லாம் தயாராகக் கிடக்கிறது.

இவை மலாய்க்காரர்களின் கதைகள், அரச மரபோடும் சமய உணர்வோடும் கலந்தவை, நமக்கு எதற்கு வம்பு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த மாட்டேன். பிறர் மதிக்கும் பெயர்களை எடுத்தாளும்போது கவனமும் படிப்பும் கட்டாயம் வேண்டும். ஆனால் கதை யாருடையது என்ற கேள்விக்கு ‘செஜாரா மெலாயு’வே பதில் வைத்திருக்கிறது. 1612இல் அதைத் தொகுக்கத் தொடங்கிய துன் ஸ்ரீ லானாங், தம் வம்சாவளியை மணி புரிந்தான் வரை கொண்டுபோகிறார். மணி புரிந்தான் கெலிங் நாட்டிலிருந்து கடல் வழியாக மலாக்கா வந்தவர். மலாக்காவின் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த துன் முத்தாஹிர் அவருடைய வழித்தோன்றல். நூலின் மூலவர் கடலடிக்குப் போன தென்னாட்டு அரசன், தொகுத்தவரின் முன்னோரும் தென்னாட்டிலிருந்து வந்தவர். காஜா பெராங் கம்போங் செட்டியில் வாழும் மலாக்கா செட்டிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுல்தான்கள் காலத்துத் தமிழ் வணிகர்களின் வழிவந்த அவர்கள் வீட்டில் மலாய் பேசுகிறார்கள், 1781இல் எழுப்பிய கோயிலில் பொய்யாத விநாயகரைக் கும்பிடுகிறார்கள், பந்துனும் அவர்களுக்குச் சொந்தம். 2004இல் ‘பூத்ரி குனோங் லேடாங்’ படத்தை இயக்கியவர் சீன மலேசியரான சா தியோங் ஹின். மலை இளவரசிக்கும் ஹங் துவாவுக்கும் காதல் இருந்ததாக மூலக்கதையையே திருப்பிப் போட்ட படம் அது. அவருக்குத் திறந்த கதவு நமக்கு மட்டும் அடைத்திருக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நம் இலக்கியத்துக்குள்ளிருந்தே வரும். தோட்டத் துயரமும் சயாம் மரண ரயிலும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை, அதற்குள் தேவதைக் காதலா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அயர்லாந்தின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் அங்கே ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதற்குமேல் நாட்டைவிட்டுப் போனார்கள், அவர்களின் மொழி வேகமாகத் தேய்ந்தது. அந்த இழப்புக்குப் பிந்திய தலைமுறையில்தான் யேட்ஸ் 1889இல் ஓஷீனின் கதையை நெடுங்கவிதையாக்கினார், லேடி கிரகோரி 1902இலும் 1904இலும் பழங்கதைகளை மக்கள் பேச்சு நடையில் திருப்பிச் சொன்னார். துயரத்தை மறக்க அவர்கள் அந்தக் கதைகளிடம் போகவில்லை. கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஊர்களைப் பெயர் சொல்லி நிறுத்தப் போனார்கள். மலாக்காவில் பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகும்போது, லயமும் கோயிலும் இருந்த இடத்துக்கு அடையாளம் சொல்ல எது இருக்கும்? தோட்ட மக்களும் மாயத்தை ஒதுக்கி வாழ்ந்தவர்கள் அல்லர். எல்லையில் முனியாண்டியை நட்டார்கள், மதுரைவீரனுக்குப் பூசை போட்டார்கள். பொம்மியைச் சிறையெடுத்து, வெள்ளையம்மாளுக்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவனின் கதை, விலை கொடுத்த காதலின் கதைதான். கங்காணியின் கணக்குப் புத்தகத்தைத் துல்லியமாக எழுதத் தெரிந்த ஒருவர், அதே லயத்துக்குப் பின்னால் நிற்கும் மலையில் ரோஜா பந்துன் பாடுவதையும் எழுதினால் நாவலின் உண்மை கூடுமே தவிரக் குறையாது.

கெல்டிக் கதைகளையே நேராகத் தமிழில் எழுதக் கூடாதா என்றால், தாராளமாக எழுதலாம். கதைக்குக் கடவுச்சீட்டு கிடையாது. ஆனால் நியூகிரேஞ்சின் குளிரையும் பாய்ன் ஆற்றின் நிறத்தையும் அங்கே வளர்ந்தவரைப் போல நம்மால் எழுத முடியாது. லேடாங் மலையின் மழை வரும் திசையை அசஹான்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தமிழகத்தின் சரித்திரக் காதல் நாவல்களும் இந்தக் குறையைத் தீர்த்துவைக்கவில்லை. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’ இரண்டும் நம் வாசகர்கள் விரும்பிப் படித்தவை. அவற்றில் கடலுக்கப்பாலுள்ளவை சோழநாட்டு வீரன் கப்பலேறி வந்து வென்று காதலிக்கும் தூரத்து நாடுகள். இந்தக் கரையில் நின்றபடி, வந்தவனைப் பார்க்கும் கண் அவற்றில் இல்லை. அந்தக் கண்ணோடு எழுத மலாக்காத் தமிழருக்கு ஒரு தனி வசதியும் உண்டு. ‘மணிமேகலை’யைத் தமிழிலும், ‘செஜாரா மெலாயு’வையும் ‘ஹிகாயத் ஹங் துவா’வையும் மலாயிலும் மொழிபெயர்ப்பின்றி ஒருவரே படிக்க முடியும், பள்ளிக்கூடம் கொடுத்த மலாயே அதற்குப் போதிய தொடக்கம். பீலிவளையையும் மஹ்தாபுல் பஹ்ரியையும் ஒரே மேசையில் மூல மொழியிலேயே விரித்து வைத்துப் படிக்கக்கூடிய எழுத்தாளர்கள் சென்னையிலும் டப்ளினிலும் அரிது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அவர்கள் இன்று இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.