இல்லமே தொழிற்களம்: கல்முனைக் கரையோரத்து அன்னையர்

மகப்பேணலும் பொருளீட்டலும் ஒரே கூரையின்கீழ் ஒருத்தியின் கையில் அமையுமிடத்து, ஒன்று மற்றொன்றைத் தடுத்தல் இயல்பாகும். இத்தடை கணினி வந்தபின் தோன்றிய புதுமையென எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. புறநானூற்றின் 326 ஆம் பாட்டு, இரவில் எழுந்து பருத்தியின் கழிவைப் புடைத்து நீக்கும் பெண்ணொருத்தியையும் அவளது சிறு விளக்கையும் நமக்குக் காட்டுகின்றது. பகற்பொழுது இல்லப் பணிகளிற் கழிய, தொழிலுக்கு இரவே எஞ்சிற்றுப் போலும்.

இவ்வுண்மையை இலங்கையின் கீழ்க்கரையில் இன்றும் காணலாம். 1961 ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாக, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் தமிழ்மொழி ஊர்கள் தொடர்ந்துள்ளன. இவற்றுள் மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. சாரமும் சேலையும் விரிப்பும் அங்கு நெய்யப்படுகின்றன. 1977 இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின், மலிவான பிறநாட்டுத் துணியோடு போட்டியிட நேர்ந்தமையால் இத்தொழில் மெலிந்ததெனினும் அற்றுப்போகவில்லை. பன் என்னும் கோரையைக் காயவைத்துச் சாயந்தோய்த்துப் பாயிழைத்தலும் இப்பகுதிப் பெண்டிரின் வீட்டுத் தொழிலாகும்.

பெண்டிர்க்கு இத்தகைய தொழில்கள் உரியவாயின காரணம் யாது? அமெரிக்க மானிடவியலறிஞர் ஜூடித் பிரவுன் என்பார் 1970 இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றில் இதற்கு விடை கூறினார். பெண்ணின் உடல் வலியோ மனவியல்போ இதற்குக் காரணமன்று. குழந்தையைப் பேணிக்கொண்டே செய்யத்தக்க தொழில் எதுவோ அதுவே அவளிடம் வந்து சேர்கின்றது என்பது அவர் கருத்து. அத்தகைய தொழில் இடையறாக் கவனத்தை வேண்டாது. இடையில் நிறுத்தினும் எளிதில் மீண்டும் தொடங்கத்தக்கது. குழந்தைக்கு ஊறு விளைக்காது. வீட்டுக்கு அணித்தாய் நிகழ்வது.

இவ்வளவைகளைக் கரையோரத் தொழில்களோடு பொருத்திப் பார்த்தல் பயனுடையது. பாயிழைப்பவள் அழுங் குழவியை எடுத்து அமர்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் இழைக்கலாம். ஆயின் சாயங் காய்ச்சும்போது அவ்வாறு எழுந்து செல்லுதல் இயலாது; கொதிக்கும் கலத்தின் அருகே தவழுங் குழந்தையை விடுதலும் ஆகாது. நெசவிலும் இவ்வேறுபாடு உண்டு. ராட்டினத்தில் தார் சுற்றுதலை எப்பொழுதும் நிறுத்தலாம். தறியில் அமர்ந்து நெய்தலோ கை, கால், கண் ஆகிய மூன்றும் ஒத்தியங்க வேண்டிய வினை. அடிக்கடி எழுவோர் நெய்த துணியில் அடர்த்தி ஒருசீராய் அமைவது அரிது. அறுந்த இழையொன்றைக் காணாது விட்டாற் குறை துணியிலேயே நின்றுவிடும்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. எளிதில் நிறுத்தத்தக்க வேலைக்கே கூலி குறைவு. தார் சுற்றுதல் நெசவுக்குத் துணைவேலையாகவே மதிக்கப்படும். துணியை முடித்துக் கொடுப்பவர்க்கே நெசவுக் கூலி உரியது. ஆகவே குழந்தையை உடைய தாய், திறன் இருந்தும் குறைந்த பயன் தரும் வேலையில் நிற்க நேர்கின்றது. நெய்தவளவுக்கே கூலி கிடைக்குமாதலின், பாலூட்டிய நேரமும் சோறு சமைத்த நேரமும் அவளது வருவாயிற் குறைவாகவே தோன்றும். கூலிக்கு அமர்ந்த பெண்ணுக்கு 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் துணை நிற்கின்றது. தன் வீட்டில் தானே தொழில் செய்பவளுக்கோ விடுமுறை வழங்கும் தொழில்தருநர் எவருமிலர்.

இவ்விடர்களை ஓரளவு தாங்கிநின்ற அமைப்பொன்று இக்கரையில் உண்டு. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி என்பது தாய்வழியாகவே வரும். மகளுக்குப் பெற்றோர் வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளிவந்த தம் நூலில் இவ்வழக்கத்தை விரிவாக விளக்கியுள்ளார். இதனால் உடன்பிறந்த சகோதரியரின் வீடுகள் ஒரே வளவில் அல்லது அண்டையில் அமைந்தன. தறியில் அமர்ந்த மகளின் குழந்தையை உம்மம்மாவோ சாச்சியோ ஏந்திக்கொள்ள, நெசவு தடைப்படாது நடந்தது. வீடு அவளுடையதாதலின் தறியை இடுவதற்கும் அவள் எவரிடமும் இடங் கேட்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வமைப்பையும் தாக்கிற்று. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் உயிர்களோடு வீடுகளும் அழிந்தன. கடலோரத்தில் மீண்டும் கட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டமையால் குடும்பங்கள் பல வேறிடங்களிற் குடியமர்த்தப்பட்டன. அண்டை வீடுகளாயிருந்த சகோதரியர் பிரிய நேர்ந்தவிடத்துப் பிள்ளை பார்க்கும் கையும் பிரிந்தது. புதிய வீட்டின் உரிமைப்பத்திரத்தைக் குடும்பத்தலைவர் என்ற பெயரால் ஆணுக்கு எழுதும் முறை, பெண்ணின் சீதனவீட்டு மரபோடு முரண்பட்டமையும் அக்காலத்தே எடுத்துக்காட்டப்பட்டது.

பின்னர் 2020 மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டபோது, அலுவலகப் பெண்டிரும் ஆசிரியைகளும் இதே நிலையை எய்தினர். கற்பிக்கும் தாயின் அருகே அவள் பிள்ளையும் கற்க வேண்டியிருந்தது. தொலைபேசி ஒன்றே உள்ள இல்லத்தில் அதனை யார்க்குக் கொடுப்பது என்பதும் வினாவாயிற்று. கற்பித்தல் பிரவுன் கூறிய முதல் அளவைக்கே ஒவ்வாத தொழிலாகும். இடையறாக் கவனம் அதற்கு இன்றியமையாதது. தார் சுற்றுபவள் நெடுங்காலமாய் அறிந்திருந்ததைக் கற்றோர் உலகம் அப்பொழுதே உணர்ந்தது.

வீட்டு வேலையாளரும் தொழிலாளரே என்னும் கொள்கையை அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1996 இல் தன் 177 ஆம் சமவாயத்தால் நிலைநாட்டியது. தொழிற் புள்ளிவிவர அறிஞரின் 2013 ஆம் ஆண்டு மாநாடு, ஊதியமின்றி இல்லத்திற் செய்யப்படும் பணியும் வேலையென்றே கொள்ளப்படும் என வரையறுத்தது. எனினும் கணக்கிற் சேர்த்தல் மட்டும் போதாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் அருகிருக்கும் மூன்று மணி நேரம், தாயொருத்தியைத் தார் சுற்றும் வேலையினின்று தறிக்கு உயர்த்த வல்லது. இக்கரையின் பழைய வளவு அந்நேரத்தை அவளுக்கு அளித்தது. வளவு சிதைந்தவிடத்து, ஊரும் அரசும் கணவனும் அதனை அளித்தல் வேண்டும். தாய்க்குரிய இடர் தொழிலிலும் இல்லை, மகவிலும் இல்லை; இரண்டையும் தனித்துச் சுமக்க விடுவதிலேயே உள்ளது.