மருந்து அருகில் இருக்கிறது, தடுப்பது எது?



எய்ட்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் முகத்தைத் திருப்பிக் கொள்வோர் நம்மில் உண்டு. இந்தப் பேச்சு நம் ஜமாஅத்திற்குத் தேவையா என்று கேட்போரும் உண்டு. தேவைதான். எச்.ஐ.வி. கிருமி மஹல்லா பார்த்து வருவதில்லை. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழகத்தில்தான். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் குழுவினர் அதை வெளிக்கொணர்ந்தனர்.

கிருமியை அடக்கும் கூட்டு மருந்து 1996 வாக்கிலேயே மேலை நாடுகளில் புழக்கத்திற்கு வந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஓராண்டுக்கு ஆகும் செலவு பத்தாயிரம் டாலருக்கும் மேல்! 2001 பிப்ரவரியில் நம் நாட்டின் சிப்லா நிறுவனத்தை நடத்திய யூசுஃப் ஹமீத் அவர்கள், அதே வகை மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். ஏழை நாடுகளின் கதவு அதனால் திறந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை.

அன்று திண்டுக்கல்லில் இருந்த ஒரு நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாம்பரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு. இரவு முழுதும் இரயிலில் சென்று, வரிசையில் நின்று, மறுநாள் இரவு திரும்ப வேண்டும். தோல் பதனிடும் தொழிலாளிக்கும் நூற்பாலைப் பெண்ணுக்கும் அந்த இரண்டு நாள் கூலி சிறிய இழப்பா? பின்னர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும், அதன்பின் திண்டுக்கல் அரசு தலைமை மருத்துவமனைக்குமே ஏ.ஆர்.டி. மையம் வந்தது. (2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இன்று அதுவே.) பேகம்பூரிலிருந்து ஆட்டோவில் சென்று வரும் தொலைவுதான்.

இருந்தும் வெளியூர் மையங்களைத் தேடிச் செல்வோர் இருக்கின்றனர். அன்று மருந்து அருகில் இல்லாததால் சென்றனர்; இன்றோ தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற அச்சத்தால் செல்கின்றனர். பயணச் செலவுக்குப் பணமில்லாத மாதத்தில் மாத்திரை நின்றுவிடுகிறது. மாத்திரை நின்றால் அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ, அம்மருந்துக்கே அடங்காததாகவும் மாறிவிடக் கூடும். அப்படியானால் அவர் உயிருக்கு ஆபத்தாவது நோய் மட்டும்தானா, நம் நாவும்தானா?

வழிமுறை எளியது. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் பரிசோதனைக் கூடங்கள் இயங்குகின்றன. ஆலோசகர் தனியே பேசி, இசைவு பெற்ற பின்னரே இரத்தம் எடுக்கப்படும். கட்டணம் இல்லை. கிருமி இருப்பது உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்திற்கு அனுப்புவர். முன்பெல்லாம் இரத்தத்தில் சிடி4 அணுக்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கச் சொல்வர். 2017 முதல் அந்த நிலை மாறிவிட்டது. எண்ணிக்கை எதுவாயினும் சிகிச்சை உண்டு. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. அதனுள்ளேயே மூன்று மருந்துகள். பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ இடம் மாறினால், மையத்தில் சொல்லி அவ்வூருக்குச் சிகிச்சையை மாற்றிக் கொள்ளலாம்.

ஒழுங்காக மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியே மனைவிக்கோ கணவனுக்கோ அது பரவுவதில்லை. கருவுற்ற தாய் சிகிச்சை பெறாவிடில் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக் கூடும். தாய்க்கு மருந்தும் பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் முறையாகக் கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கணவனிடமிருந்து நோயைப் பெற்று, பிரசவத்திற்கு முந்தைய பரிசோதனையில்தான் அதை அறியும் பெண்களின் மீதே பழி சுமத்தும் குடும்பங்கள் இதைச் சற்றுக் கேட்க வேண்டும்.

வலீமா விருந்தில் ஒரே சஹனில் அமர்ந்து உண்பதாலோ, ஒரே ஹவுலில் ஒளுச் செய்வதாலோ, தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நிற்பதாலோ இது பரவாது. ஜனாஸாவைக் குளிப்பாட்டுவோர் கையுறை அணிந்து, வழக்கமான தூய்மை முறைகளைப் பேணினால் போதும்.

வளைகுடா விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் 'தகுதியில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டு, காரணம் அறிந்தும் வீட்டில் சொல்லாமல் காலம் கடத்தும் இளைஞர்களின் நிலை தனித்துக் கவனிக்க வேண்டியது. பயணம் நின்றது பெரிய இழப்புதான். ஆயினும், உடனே நம்பிக்கை மையம் சென்று சிகிச்சையைத் தொடங்குபவர் பல்லாண்டு உழைத்து வாழ இயலும். ஒருவருடைய நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதும், அதைக் காட்டி வேலையோ படிப்போ வாடகை வீடோ மறுப்பதும் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. அதை ஜமாஅத் நிர்வாகிகளும் அறிந்திருத்தல் நலம்.

ரமலானில் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நாளொன்றுக்கு ஒரு முறை என்பதால், இஃப்தாருக்குப் பின்னோ ஸஹரிலோ உட்கொள்ளும்படி நேரத்தை மாற்றலாமா என்பதை நோன்பு தொடங்குமுன் மைய மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நேரில் செல்லக் கூச்சமுள்ளவர் முதலில் 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.