உழவு மாடுகளுக்குக் கழுத்துப் புண் வராமல் தடுக்கும் முறைகள்

ஏர் உழவுக்கும் வண்டிக்கும் காளைகளை நம்பியுள்ள சிறு விவசாயிகளுக்குப் பருவ காலத்தில் பெருந்தொல்லை தருவது நுகத்தடிப் புண்ணாகும். ஒரு மாட்டுக்குப் புண் வந்தாலும் ஜோடியே நின்றுவிடும். மழை ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்க வேண்டிய நேரத்தில் வேலை தடைப்பட்டால் அந்தப் பட்டமே தவறிப் போகலாம். வந்த பின் மருந்து தேடுவதைவிட வராமல் தடுப்பதே எளிது, செலவும் குறைவு.

காரணங்கள்

மாடு இழுக்கும்போது நுகத்தடி திமிலுக்கு முன்புறம் கழுத்தின் மேல் அழுத்துகிறது. நுகத்தடி சொரசொரப்பாகவோ, வெடிப்புடனோ, கூர்மையான விளிம்புடனோ இருந்தால் அழுத்தம் ஓரிடத்தில் விழுந்து தோல் உரியும். நெட்டை மாட்டையும் குட்டை மாட்டையும் ஜோடியாகப் பூட்டினால் நுகத்தடி சாய்ந்து கழுத்தை உறுத்தும். மழையில் நனைந்த தோல் ஊறி, எளிதில் வழன்றுவிடும். புதிதாகப் பழக்கும் காளைகளுக்கும், நெடுநாள் சும்மா நின்ற மாடுகளுக்கும் இத்தொல்லை அதிகம்.

நுகத்தடியும் கயிறும்

கழுத்தில் படும் பகுதி அகலமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். விளிம்புகளை இழைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். துணியோ சாக்கோ சுற்றினால் மடிப்பு விழாமல் சுற்ற வேண்டும். வியர்வையும் மண்ணும் படிந்தால் துவைத்துக் காயவைக்க வேண்டும். பூட்டாங்கயிறு மெத்தென்று இருப்பது நல்லது. மெல்லிய நைலான் கயிறு தோலை அறுத்துவிடும்.

வண்டிப் பாரம்

முன்பாரம் அதிகமானால் கழுத்தின் மேல் சுமை ஏறும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பாரம் ஏற்றியதும், மாடு பூட்டுமுன் சமதரையில் ஏர்க்காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கவே சிரமமாக இருந்தால் முன்பாரம். தானாக மேலே எழுந்தால் பின்பாரம். முன்புறம் சற்றே கனமாக இருக்கும்படி மூட்டைகளை மாற்றி அடுக்க வேண்டும். இறக்கத்தில் பாரம் முழுவதும் கழுத்துக்கு வருமாதலால் பிரேக் கட்டை அவசியம்.

1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, பாரம் இழுக்கும் மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது.

தினசரி கவனிப்பு

மாட்டை அவிழ்த்ததும் கழுத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். சூடு, வீக்கம், முடி உதிர்தல் தெரிந்தாலும், தொட்டதும் மாடு நெளிந்தாலும் அதுவே முதல் அறிகுறி. புதிய காளைகளை முதலில் தினமும் சிறிது நேரமே பூட்டி, நாளடைவில் வேலையைக் கூட்டலாம்.

வீக்கம் கண்டால்

அன்றே பூட்டுவதை நிறுத்த வேண்டும். முதல் நாள் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டுவரலாம். இரண்டு நாட்களுக்குப் பின் உப்பிட்ட வெந்நீரால் ஒத்தடம் கொடுக்கலாம். தோல் உரிந்திருந்தால் இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரால் கழுவி, ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவ வேண்டும்.

சூடு போடுவதும், கட்டியைக் கத்தியால் கீறுவதும் கூடாது. சீழ் கோத்தாலும், புழு வைத்தாலும், கட்டி கல்போல் இறுகினாலும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புண் ஆறித் தோல் நன்கு உறுதிப்பட்ட பிறகே மாட்டை மீண்டும் பூட்டலாம். அதற்குமுன் பூட்டினால் அதே இடத்தில் மறுபடியும் புண் உண்டாகும்.