லினக்ஸ் லேப்டாப்புக்கு வைஃபை அடாப்டர்: வாங்கும் முன் கவனியுங்கள்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதில் வைஃபை எடுக்காவிட்டால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள், நெட் கிடைக்கும். அதைக்கொண்டு லினக்ஸை அப்டேட் செய்து பாருங்கள். பல நேரம் விடுபட்ட டிரைவர் வந்து, வைஃபை தானே எடுத்துவிடும்.

அப்படியும் எடுக்கவில்லையா? யூஎஸ்பி அடாப்டர் வாங்கலாம். ஆனால் கம்பெனிப் பெயரைவிட, உள்ளே இருக்கும் சிப்தான் முக்கியம். ஒரே மாடலிலும் சிப் மாறும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் மாடலின் முதல் பதிப்பில் இருந்தது ஆதிரோஸ் சிப். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். முதல் பதிப்பை நம்பி இரண்டாவதை வாங்கிய பலர் டிரைவர் தேடி அலைந்தார்கள்.

மீடியாடெக் எம்டி7612யூ சிப் என்றால் தைரியமாக வாங்கலாம். 2018-இல் வந்த லினக்ஸ் கர்னல் 4.19 முதல் அதன் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. சிப்பின் பெயர் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.