பாதம் பார்த்த டாக்டர்!

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளின் வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்பக்கம் மட்டும் மெத்தென்று இருக்கும். கடையில் 'எம்.சி.ஆர் செருப்பு' என்று கேட்டு வாங்குவார்கள்.

அந்த மெத்தென்ற ரப்பருக்கும் வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கரிகிரிக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. எல்லோரும் விலகி ஓடிய தொழுநோயாளிகளின் பாதங்களைக் கையில் எடுத்து, குனிந்து பார்த்த ஓர் அறுவை சிகிச்சை நிபுணரின் கதை அது.

அவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்துக்காரர்தான். ஆனால், 1914-ல் பிறந்த அவர் சிறுவயதில் வளர்ந்தது நம் கொல்லிமலையில்!

துண்டைக் கட்டிய குரு

கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வியாழன் முக்கியமான நாள். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு, இயேசு தன் சீடர்களோடு உணவருந்தினார். பாதி விருந்தில் எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து ஒவ்வொருவர் காலையும் கழுவினார்.

புழுதிச் சாலையில் நடந்து வந்தவர்களின் காலைக் கழுவுவது அந்த ஊரில் வேலைக்காரர்களின் வேலை. அதை குருவே செய்ததும் சீடர்கள் கூசிப்போனார்கள். பேதுரு முதலில் காலைக் காட்டவே மறுத்தார். தான் செய்ததை அவர்களும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டும் என்பதே அன்றைக்கு இயேசு சொல்லிக்கொடுத்த பாடம்.

இன்றும் பெரிய வியாழனன்று பல தேவாலயங்களில் குருவானவர் மண்டியிட்டுச் சிலரின் பாதங்களைக் கழுவுகிறார். வருடத்தில் ஒருநாள், சில நிமிடங்களில் முடிந்துவிடும் சடங்கு. பிராண்ட் குடும்பத்துக்கோ அது அன்றாட வேலையாக இருந்தது.

கொல்லிமலை வாசலில்...

பாலின் அப்பா ஜெஸ்ஸி பிராண்டும் அம்மா ஈவ்லினும் மிஷனரிகள். சரியான சாலை இல்லாத அந்தக் காலத்துக் கொல்லிமலையில் வைத்தியம், பள்ளிக்கூடம், விவசாயம், கட்டட வேலை என்று எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தார்கள். நரம்புச் சிலந்திப் புழு மலைமக்களை வாட்டியபோது, கிணற்றுத் தண்ணீரில் கால் படாதபடி சுற்றுச்சுவர் கட்டச் சொல்லிக்கொடுத்தார் ஜெஸ்ஸி.

பால் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். தொழுநோயாளிகள். அம்மாவின் முகம் மாறியது. பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டார். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு, அவர்களின் பாதங்களைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினார். பயம் அவருக்கும் இருந்தது. அப்போது அந்த நோய்க்குச் சரியான மருந்தே கிடையாது. பயத்தோடும்தான் அந்தக் கால்களைத் தொட்டார். ஒளிந்து நின்று பார்த்த பிள்ளையின் மனதில் அந்தக் காட்சி ஒட்டிக்கொண்டது.

படிப்பதற்காக ஒன்பது வயதில் இங்கிலாந்து போன பால், அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1929-ல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார்.

கெட்ட சதையா?

அப்பாவைப்போல் ஆக வேண்டும் என்று முதலில் தச்சு, கொத்து வேலை கற்றார் பால். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்தார். 1946-ல், டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை கற்பிக்க வந்து சேர்ந்தார்.

அடுத்த வருடம், தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒருவரிடம், "என் கையை அழுத்துங்கள்" என்றார் பால். கை வலிக்கும் அளவுக்கு இறுகப் பிடித்தார் அந்த மனிதர். பாலுக்கு ஆச்சர்யம். செயலிழந்த கை என்று நினைத்தால், இவ்வளவு பலமா?

தொழுநோயாளியின் சதை 'கெட்ட சதை', ஆபரேஷன் செய்தாலும் ஆறாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று பயந்து, பொது மருத்துவமனைகள் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவே தயங்கின. பால், நல்ல நிலையில் இருக்கும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மறுபடி வேலை செய்யவைத்தார். அந்தச் சதை மற்றவர்களின் சதையைப் போலவே ஆறியது!

ஒருநாள் ஓர் இளைஞரின் தோளில் கைவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பதறினார் டாக்டர். பக்கத்தில் இருந்தவர் விளக்கினார்: "நீங்க தொட்டீங்கல்ல, அதான் அழறார். இத்தனை வருஷமா யாரும் அவரைத் தொட்டதில்லை."

பத்து வயதுப் பையன் கற்றுக்கொடுத்த பாடம்

விரல்கள் நேராகிவிட்டன. ஆனாலும் புதுப்புதுக் காயங்கள் வந்துகொண்டே இருந்தன. ஏன்?

ஒருநாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பால் திணறினார். பத்து வயது இருக்கும் நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். சாவி அவன் விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

பாலுக்கு விடை கிடைத்தது. விரல்களை நோய் நேரடியாகத் தின்னவில்லை. அது நரம்பைப் பாதித்து வலியைப் பறித்துவிடுகிறது. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது. வலி தெரியாத கால் ஆணியின் மேல் நடக்கிறது.

அதன்பிறகு ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று தேடுவதே வேலையானது. அதற்கு நோயாளிகளையே கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். இரவில் தூங்கி எழுந்தால் சிலரின் விரலில் சதையைக் காணோம். காரணம் தெரியாமல் ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தார்கள். எலி! தூங்குபவரின் விரலை எலி கடிப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. வைத்தியம் என்ன தெரியுமா? வீட்டுக்குத் திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள்!

இன்னொரு சிக்கலும் வந்தது. கை சரியான சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கை நேரானதும் பிச்சை போடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். பழைய நோயாளி என்று வேலையும் யாரும் கொடுக்கவில்லை. "நான்தான் குணப்படுத்திவிட்டேனே" என்று பால் கைகழுவவில்லை. கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, 'நவஜீவன நிலையம்' ஆரம்பித்து, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். லண்டனில் கற்ற தச்சுத் தொழில் அப்போது கைகொடுத்தது.

செருப்பு செய்த சர்ஜன்

கையைவிடக் கால்தான் பெரிய தலைவலி. உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் அங்கு புண் வரும். நமக்குக் கால் கடுத்தால் நம்மை அறியாமலேயே நடையை மாற்றுவோம். அவர்கள் மாற்ற மாட்டார்கள். ஆறிய புண் மறுபடி திறக்கும். கடைசியில் காலையே எடுக்க வேண்டிவரும்.

காலை எடுப்பது சர்ஜனுக்கு ஒருநாள் வேலை. காலைக் காப்பாற்ற, செருப்புத் தைக்கும் வேலையைக் கற்க வேண்டியிருந்தது. கற்றார். பலவிதப் பொருள்களில் காலணி செய்து பார்த்தார்கள். நோயாளிகளை நடக்கவிட்டு, திரும்பி வந்ததும் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே சூடாக இருக்கிறதோ, எங்கே சிவந்திருக்கிறதோ அங்கேதான் ஆபத்து. 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்த வேலை வளர்ந்தது. அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதாவது எம்.சி.ஆர், அப்படித்தான் நோயாளிகளின் காலுக்கு வந்தது.

இந்த உழைப்புக்கு நடுவே ஓர் இரவு அவரையும் உலுக்கியது. நீண்ட பயணம் முடிந்து லண்டனில் காலுறையைக் கழற்றியபோது, ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது, மனைவி மக்களைப் பிரிய வேண்டியதுதான் என்று விடிய விடியத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். தன் நோயாளிகள் தினமும் எதோடு வாழ்கிறார்கள் என்பது அந்த ஓர் இரவில் அவருக்கு விளங்கியது.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், வேலூரில் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார். 2003-ல் மறைந்தார்.

கண்ணாடி இல்லாத வீடு

பாலின் அம்மா ஈவ்லினையும் சொல்லாவிட்டால் கதை முடியாது. எழுபது வயதை நெருங்கியபோது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவரோ தன் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறிவிட்டார். குதிரையில் போனார்; முடியாதபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கடைசி இருபது வருடங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974-ல், 95 வயதில் இறந்த அவரை, கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

நம் வீட்டில்...

தொழுநோய்க்கு இன்று முழுமையாகக் குணப்படுத்தும் கூட்டு மருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. தோலில் நிறம் வெளுத்து, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால், மறைக்காமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது. சீக்கிரம் சிகிச்சை எடுத்தால் கை, காலுக்குச் சேதம் வராது.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன அப்பாவோ, பாட்டியோ வீட்டில் இருக்கிறார்களா? தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது அவர்களுக்குச் சிரமம். குனிய முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் அந்தப் பாதங்களை மடியில் எடுத்து, கொப்புளம், கீறல், சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று விரல் இடுக்குவரை பார்க்கலாம். செருப்புக்குள் கல், முள் இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவலாம்.

பாட்டி முதலில், "சீ, என் காலைப் போய்ப் பிடிக்கிறியே!" என்று கூசிக் காலை இழுத்துக்கொள்வார். பேதுருவும் அப்படித்தான் இழுத்துக்கொண்டார். விடாமல் பாருங்கள்.