டான்சிங் ரோஸுக்கு விசில் அடிச்சோமே... நிஜ பாக்ஸிங்கை ஏன் டி.வி-யில் பார்ப்பதில்லை?

வேலூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், ஆற்காட்டுக்கு முன்னால் வரும் ஊர் மேல்விஷாரம். டேனரிகளின் ஊர். இந்தப் பக்கத்துத் தோல் பெரும்பாலும் ஷூவாகத்தான் மாறுகிறது. பாக்ஸிங் கிளவுஸும் தோல்தான், ஆனால் அதைத் தைக்கும் தொழில் ஜலந்தரிலும் மீரட்டிலும் வேரூன்றிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் செல்போனில் கிரிக்கெட் ஓடும், சீசன் வந்தால் கபடி ஓடும். பாக்ஸிங்? அதுவும் 2021-ல் ஓடியது. என்ன, அது மேட்ச் இல்லை, சினிமா.

பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' அந்த ஜூலையில் அமேசான் பிரைமில் வந்தபோது, டான்சிங் ரோஸின் கால் அசைவை ரீவைண்ட் செய்து பார்க்காதவர்கள் குறைவு. ஆக, நமக்கு பாக்ஸிங் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிரச்னை வேறு எங்கேயோ இருக்கிறது.

டி.வி வளர்த்தது, டி.வி-யே ஒளித்து வைத்தது

டி.வி வந்த புதிதில் அதற்குக் கிடைத்த பொக்கிஷம் பாக்ஸிங். சின்ன மேடை, இரண்டே ஆட்கள், ஒரு கேமரா போதும். அமெரிக்காவில் 1940-களிலிருந்து 1960 வரை வெள்ளிக்கிழமை இரவு என்றால் என்.பி.சி-யில் பாக்ஸிங்தான். காசு கொடுக்காமல் வீட்டிலேயே பார்க்கலாம்.

1975 அக்டோபரில் மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேஸியரும் மோதினார்கள். அமெரிக்க ரசிகர்கள் இரவில் பார்க்க வேண்டும் என்பதற்காக, மணிலாவில் காலை 10 மணிக்கு மேல் சண்டையை வைத்தார்கள். வேகும் புழுக்கத்தில் 14 ரவுண்டுகள். ஹெச்.பி.ஓ அதை சாட்டிலைட் வழியாகக் காட்டியது. அப்புறம் பெரிய சண்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டணச் சுவருக்குப் பின்னால் போய்விட்டன.

1982-ல் இன்னொரு அடி. ரே மான்சினியுடன் மோதிய தென்கொரியாவின் கிம் டுக்-கூ, டி.வி நேரலையிலேயே அடிவாங்கிச் சாய்ந்தார். சில நாள்களில் இறந்தும்போனார். 15 ரவுண்டு சண்டைகள் 12 ஆகக் குறைந்தது அதற்குப் பிறகுதான். விளம்பரதாரர்களுக்கு அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. போகவும் கூடாது, அது நியாயமான பயம்.

2015-ல் மேவெதர் - பாக்கியாவ் சண்டையை 46 லட்சம் பேர் காசு கட்டிப் பார்த்தார்கள். அது சாதனை. ஆனால் காசு கட்டாத தலைமுறைக்கு பாக்ஸர்களின் பெயர்களே தெரியாமல் போனது. 2018-ல் ஹெச்.பி.ஓ, 2023-ல் ஷோடைம் என இரண்டு பெரிய சேனல்களும் பாக்ஸிங்கை இழுத்து மூடின.

கபடிக்கு நடந்தது இதற்கு ஏன் நடக்கவில்லை?

கபடியை 2014-க்கு முன்பு டி.வி-யில் யாரும் சீந்தவில்லை. புரோ கபடி லீக் வந்தது, தலைகீழ் ஆனது. 40 நிமிட மேட்ச், 30 விநாடி ரெய்டு, தினமும் ராத்திரி ஒரே நேரம். 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்தது, அதே வருஷம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழும் வந்தது. நம்ம டீம், நம்ம பாஷை. ஜெயிக்கிறார்களோ இல்லையோ, திட்டுவதற்காவது பார்ப்போம்!

பாக்ஸிங்கிலும் இதை முயன்றார்கள். 2019 டிசம்பரில் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் 'பிக் பௌட்' லீக் நடந்தது. குஜராத், பஞ்சாப், ஒடிசா, மும்பை, பெங்களூரு, வடகிழக்கு என ஆறு அணிகள். மேரி கோமும் நிகத் ஜரீனும் ஆடினார்கள். குஜராத் கோப்பையை வாங்கியது. அடுத்த வருஷம் கொரோனா, அதற்குப் பிறகு லீக் தொடரவில்லை. கவனித்தீர்களா, அந்த ஆறில் சென்னை இல்லை.

சார்பட்டாவும் இடியாப்ப பரம்பரையும் வெறும் சினிமாக் கற்பனை இல்லை, வடசென்னையில் நிஜமாகவே இருந்த பரம்பரைகள். யோசித்தால் அது ஒரு லீக்தான்: உன் ஏரியா, என் ஏரியா, உன் வாத்தியார், என் வாத்தியார். சண்டைக்கு முன்பே பார்ப்பவன் ஒரு கட்சி எடுத்திருப்பான். முன்பின் தெரியாத இரண்டு பேர் சிவப்பு, நீல உடையில் மோதுவதைப் பார்க்கும்போது அந்தப் படபடப்பு வருவதில்லை.

இன்னொரு சிக்கல், உடம்பு. கபடி வீரரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறக்கலாம். நாக்-அவுட் ஆன பாக்ஸரை குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏற்றக் கூடாது. முன்னணி தொழில்முறை வீரர் வருஷத்துக்கு இரண்டு, மூன்று சண்டைதான் போடுவார். சீரியல் மாதிரி தினமும் ஓட்ட முடியாத விளையாட்டு இது. நடுவில் வரும் மாதங்களை, பயிற்சிக்கூடத்தின் கதையையும் வீட்டின் கதையையும் சொல்லித்தான் நிரப்ப வேண்டும்.

நிர்வாகமும் தன் பங்குக்குக் குத்தியது. மேரி கோம் லண்டனில் வெண்கலம் வாங்கிய அதே 2012-ல் இந்திய சம்மேளனம் சஸ்பெண்ட் ஆனது. 2016-ல் இப்போதைய கூட்டமைப்பு வரும்வரை குழப்பம்தான். சூடு இருக்கும்போதே ரொட்டி சுட வேண்டிய நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

திரும்ப வருமா?

2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனை யூடியூபர் ஜேக் பாலுடன் மோதவிட்டது நெட்ஃபிளிக்ஸ். சண்டை சுமார், ஸ்ட்ரீமிங் அதைவிட சுமார். ஆனாலும் 6 கோடி வீடுகளில் பார்த்ததாக நிறுவனம் சொன்னது. சந்தா தவிர தனிக் கட்டணம் இல்லை என்பதும், இரண்டு பெயர்களும் எல்லோருக்கும் தெரியும் என்பதும்தான் காரணம்.

இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் ஜாஸ்மின் லம்போரியாவும் மீனாட்சி ஹூடாவும் உலக சாம்பியன் ஆனார்கள். அந்த ஃபைனலை லைவாகப் பார்த்தவர் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது உண்டா?

டி.வி இல்லையென்றால் ஸ்பான்சர் இல்லை. ஸ்பான்சர் இல்லையென்றால் பாக்ஸருக்கு ரயில்வே, ராணுவம் என்று கோட்டா வேலைதான் கதி. அதுவும் கிடைக்காதவர் கிளவுஸைக் கழற்றி வைத்துவிடுகிறார். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற தேவராஜன் நம்ம சென்னைக்காரர். டான்சிங் ரோஸைத் தெரிந்த அளவுக்கு அவரை நமக்குத் தெரியாது.